கூடுதல் எரிபொருள்

“என்ன பெரிய தூரம் தம்பி? ஏறி உட்கார்ந்து ரெண்டு தூக்கம் தூங்கினா எங்க வீட்டு வாசல்ல வந்து நிப்பே. பதினஞ்சு மணி நேரம்தானே?” என்றாள் பெரியம்மா.

அது போகிற நேரம். அங்கிருந்து திரும்பி வர ஏறக்குறைய பதினேழு ஆகும். அவன் திருத்தவில்லை.

பெரியம்மா என்பது குழந்தையின் கணக்கில். அவனுக்கு அவள் இறந்துபோன மனைவியின் அக்கா. குழந்தையை அழைத்துக்கொண்டு போய்த் தன் வீட்டில் வைத்து வளர்ப்பதற்காக ஒரு மாதத்துக்கு முன் வந்திருந்தாள். அவள் வந்ததிலிருந்து வீட்டில் சமையலறை விளக்கு எரிந்தது, குக்கர் கூவியது, குழந்தைக்குத் தலை வாரப்பட்டது. சாமான் போட்டுவைத்த அறை மாதிரி கிடந்த வீடு மறுபடி வீடு மாதிரி ஆனது. இன்று மத்தியானம் அவளும் குழந்தையும் கிளம்புகிறார்கள்.

அவன் ஒரு விமான நிறுவனத்தின் டிஸ்பாட்ச் அறையில் வேலை பார்த்தான். ஒவ்வொரு விமானமும் எந்த வழியாகப் போக வேண்டும், எவ்வளவு நேரம் பறக்கும், எவ்வளவு எரிபொருள் நிரப்ப வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிற வேலை. கூட இருப்பவர்கள் அவனை ‘ரூட்டு’ என்று கூப்பிட்டார்கள். இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டால் அவனால் சட்டென்று பதில் சொல்ல முடியாது. உருண்டைப் பூமியின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் வருவது ஒரு தூரம். எந்த விமானமும் அந்த நூலின் மேல் போவதில்லை. அனுமதி தராத வானத்தையும், புயலையும், இன்ஜின் ஒன்று நின்றுபோனால் இறங்க இடம் கிடைக்காத கடலையும் சுற்றிக்கொண்டுதான் போகும். அது வேறு தூரம். அதற்கும் மேலே காற்று இருக்கிறது. முதுகில் கைவைத்துத் தள்ளினால் தூரம் சுருங்கும். மார்பில் கைவைத்துத் தள்ளினால் நீளும். பெரியம்மாவின் ஊர் வழித்தடத்தில் போகிறவர்களைக் காற்று தள்ளிவிட்டது. வருகிறவர்களைத் தடுத்தது.

மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பெரியம்மா அந்தக் காற்றை எதிர்த்துத்தான் வந்தாள்.

மூளைக்குள் ரத்தக் கசிவு. முதல் நாள் தலைவலி என்று மாத்திரை போட்டுக்கொண்டாள், மறுநாள் பேச்சில்லை. போன் போன உடனே பெரியம்மா விமானம் ஏறிவிட்டாள். அவன் ஆஸ்பத்திரி நடைவழியில் உட்கார்ந்து அந்த விமானத்தைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தான். கடலின் மேல் ஒரு சின்ன மஞ்சள் உருவம். பக்கத்தில் மீதித் தூரம். அது குறைந்துகொண்டே வந்தது. டாக்டர் வெளியே வந்து முகக்கவசத்தைக் கழற்றியபோதும் அது கடல் மேல்தான் இருந்தது. டாக்டர் பேசி முடித்துப் போன பிறகும் அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. விமானம் தரையைத் தொட்ட பிறகுதான் எழுந்து விமான நிலையத்துக்குப் போய், வெளியேறும் வாசலில் நின்று, பெரியம்மாவிடம் சொன்னான்.

அது நடந்து எட்டு மாதம். அந்த எட்டு மாதத்தையும் ‘சரி’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஓட்டிவிட்டான். சாப்பிடு என்றார்கள், சரி. வேலைக்குப் போ என்றார்கள், சரி. பொம்பளப் பிள்ளை, தாயில்லை, நீ கண்ட நேரத்தில் வேலைக்குப் போகிறவன், அவள் பெரியம்மாவிடம் வளரட்டும் என்றார்கள். அதற்கும் சரி. அதில் தப்பு கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. பெரியம்மா நல்லவள். அவள் கணவன், அவனுக்குச் சகலை, தங்கமான மனிதர். அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

குழந்தைக்கு ரெண்டரை வயது. அவன் அவளைக் குளிப்பாட்டினான், ஊட்டினான், தூங்கவைத்தான். டாக்டர் சீட்டில் எழுதியபடி மருந்து கொடுப்பதுபோலச் செய்தான். தூக்கினால் கையில் கனம் தெரிந்தது. வேறெதுவும் தெரியவில்லை.

காலையில் இருவரையும் விமான நிலையத்தில் கொண்டுவந்து இறக்கினான். ஊழியர் சலுகை டிக்கெட். காசு கொடுத்தவர்கள் எல்லாம் ஏறிய பிறகு இடமும் எடையும் மிச்சமிருந்தால்தான் ஏற முடியும்.

“கெடைக்கும்ல தம்பி?”

“சீட்டு இருக்கு. எடைதான் பார்க்கணும். கெடைக்கும்.”

“நீ உள்ள வரலையா?”

“ட்யூட்டி இருக்கு அக்கா.”

குழந்தை பெரியம்மாவின் தோளில் தலை சாய்த்துக்கொண்டு அவனைப் பார்த்தது. அவன் கையை ஆட்டினான். குழந்தை ஆட்டவில்லை. அவ்வளவுதான் வழியனுப்பு.

டிஸ்பாட்ச் அறைக்கு ஜன்னல் கிடையாது. அதே கட்டடத்தின் பின்பக்கம், அட்டை தேய்த்தால் திறக்கும் கதவுக்கு உள்ளே இருந்தது. சுவர் முழுக்கத் திரைகள், மேசை முழுக்கத் திரைகள். யாரோ வாங்கிவைத்து யாரும் தண்ணீர் ஊற்றாத ஒரு செடி. உள்ளே நுழைந்ததும் ஷிஃப்ட் தலைவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். கத்திப் பேசுகிற மனிதர். கோபமாக இருந்தாலும் பிரியமாக இருந்தாலும் ஒரே சத்தம்தான்.

“இன்னிக்குமாய்யா வந்திருக்கே? லீவு போடுன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன்ல?”

“வீட்டுல வேலை ஒண்ணும் இல்ல சார்.”

“வீட்டுல வேலை இல்லையாம். கல்லுல நார் உரிக்கலாம், உன்கிட்ட ஒரு பதில் உரிக்க முடியாது. போ, போய் உட்காரு.”

அந்த மத்தியான விமானத்தின் திட்டம் அவன் மேசைக்குத்தான் வந்திருந்தது. இன்னொருவரிடம் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

வழியைப் போட்டான். காற்றைப் பார்த்தான், நன்றாகத் தள்ளியது. போய் இறங்கும் ஊரில் விடியற்காலையில் பனிமூட்டம் இருக்கலாம் என்று வானிலைக் குறிப்பு சொன்னது. இருக்கலாம் என்றுதான் சொன்னது. பனி அடர்ந்து இறங்க முடியாமல் போனால் பக்கத்து ஊருக்குப் போய் இறங்குவதற்கான எரிபொருள் எந்தத் திட்டத்திலும் உண்டு. அதைப் போட்டான். வானத்தில் அரை மணி சுற்றிக்கொண்டு காத்திருப்பதற்கானதும் உண்டு. அதையும் போட்டான். பிறகு ‘கூடுதல்’ என்ற கட்டத்துக்குள் போய் இன்னும் கொஞ்சம் சேர்த்தான். அங்கே போய்ச் சேரும்போது அந்தக் கொஞ்சம் மிச்சமிருக்க வேண்டும் என்றால் இங்கே அதைவிட நிறைய ஏற்ற வேண்டும். எரிபொருளைச் சுமப்பதற்கும் எரிபொருள் வேண்டும். கணினி கூட்டிப் பார்த்து, ஒரு டன்னுக்கும் மேல் என்றது. சரி என்று அழுத்தினான்.

சிறிது நேரத்தில் தொலைபேசி அடித்தது. எடைப் பிரிவில் இருக்கிற தராசு. ஒரு விமானத்தில் எத்தனை பேர், எத்தனை பெட்டி, எது எங்கே உட்கார வேண்டும் என்று பார்ப்பவர். ஒரு கொசு உள்ளே நுழைந்தாலும் கணக்கில் சேர்த்துவிடுவார் என்பதால் அந்தப் பெயர்.

“யோவ் ரூட்டு, வானத்துலயே குடித்தனம் பண்ணப் போறாங்களா? எதுக்குய்யா இவ்ளோ ஃப்யூயல்?”

“அங்க பனி சொல்லியிருக்கு.”

“பனிக்குத்தான் மாத்து ஏர்போர்ட்டுக்குப் போற அளவுக்குப் போட்டிருக்கியே. அதுக்கு மேல எதுக்கு?”

“சுத்திக்கிட்டு நிக்க வேண்டி வரலாம்.”

“வரலாம், வராமலும் போகலாம். என் பாட்டைக் கேளு. மத்தியான வெயிலு, ஓடுபாதை தோசைக்கல்லு மாதிரி காயுது, வண்டி இருக்கிற எடைக்கு மேல ஒரு கிலோ தாங்காது. நீ ஒரு டன்னு ஏத்தினா நான் ஒரு டன்னு இறக்கணும். கீழ இருக்கிறது பூரா மருந்துப் பெட்டி. அதைத் தொட்டா சரக்குப் பிரிவுக்காரன் என் தோலை உரிச்சுக் காயப்போட்டுடுவான். ஸ்டாஃப் டிக்கெட்டுல பதினோரு பேரு வாசல்ல நிக்கிறாங்க. அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்.”

அவன் திரையில் ‘கூடுதல்’ கட்டத்தையே பார்த்தான்.

“லைன்ல இருக்கியா?”

“இருக்கேன்.”

“அதுல ஒரு அம்மாவும் ஒரு சின்னக் குழந்தையும் இருக்காங்க. உன் ஊழியர் நம்பர்ல போட்ட டிக்கெட்டு.” தராசின் குரல் இறங்கியது. “உன் பொண்ணாப்பா?”

“ஆமா.”

“என்னய்யா நீ. யானை தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்ட மாதிரி. கவனிக்காம போட்டுட்டியா?”

“கொஞ்ச நேரம் குடுங்க.”

“கொஞ்சம்னா கொஞ்சம்தான். ஃப்யூயல் வண்டிக்காரன் குழாயைப் பிடிச்சுக்கிட்டு என் மூஞ்சியையே பாக்குறான்.”

அவன் போனை வைத்தான். கவனிக்காமல் போட்டானா? மத்தியான வெயிலில் அந்த விமானத்தால் எவ்வளவு தூக்க முடியும் என்று அவனுக்குத் தெரியும். சரக்கு ஏறியிருந்ததும் தெரியும். எடை மிஞ்சினால் முதலில் யாரை இறக்குவார்கள் என்பது அந்தக் கட்டடத்தில் பெருக்குகிறவர்களுக்குக்கூடத் தெரியும். காலையில் பெரியம்மாவிடம் எடைதான் பார்க்கணும் என்று சொன்னவனே அவன்தான்.

போன வாரம் அதே ஊருக்கு அவன் போட்ட திட்டத்தைத் திறந்தான். போன வாரமும் இதே பனி, இதே நேரம். கூடுதல் என்ற கட்டத்தில் ஒன்றுமில்லை.

நாற்காலியில் சாய்ந்தான்.

அப்படியே விட்டுவிடலாம். யாரும் கேட்க மாட்டார்கள். அந்த அறையில் எரிபொருளைக் குறைத்துப் போட்டவனைத்தான் உலுக்குவார்கள். கூட்டிப் போட்டவனை ஜாக்கிரதைக்காரன் என்பார்கள். குழந்தை இன்று போகாது. ஆனால் நாளைக்கும் ஒரு விமானம் இருக்கிறது. நாளைக்கு அவன் இன்னொரு பனியைத் தேட வேண்டும். மறுநாள் ஒரு புயலை.

அது மட்டும் இல்லை. வாசலில் நிற்கிற மற்ற ஒன்பது பேர் யார் என்று அவனுக்குத் தெரியாது. யாரோ வேலைக்குத் திரும்புவார்கள். யாரோ ஊர் சுற்றப் போவார்கள். ஒருவருக்காக எங்கேயோ ஒரு ஆஸ்பத்திரி நடைவழியில் யாராவது போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். இன்றைக்கு எடை இல்லை, நாளை வாருங்கள் என்று அவரிடமும் சொல்வார்கள்.

கூடுதல் கட்டத்தில் இருந்ததை அழித்தான். மறுபடி கணக்கிட்டு அனுப்பினான். தராசுக்குப் போன் செய்தான்.

“எடுத்துட்டேன். எல்லாரையும் ஏத்துங்க.”

“அப்பாடா. புண்ணியமாப் போகும்.”

வைத்த கையோடு இன்னொரு அழைப்பு வந்தது. அந்த விமானத்தின் கேப்டன். அவசரமில்லாமல் பேசுகிற பெண்மணி.

“முதல்ல வந்த பிளான்ல கூடுதல் இருந்துது. இப்ப வந்ததுல இல்ல. எது சரி?”

“இப்ப வந்ததுதான் மேடம்.”

“அப்ப அது எதுக்கு இருந்துது? பனிக்கா?”

“இல்ல மேடம். பனிக்காகப் போடல. என் தப்பு.”

மறுமுனையில் காகிதம் புரளும் ஓசை. “நானும் பார்த்தேன். இதுவே போதும். வேணும்னா நானே கேட்டிருப்பேன்.” சற்று நின்று, “வேற ஏதாவது சொல்லணுமா?” என்றாள்.

“சொல்லணும் மேடம். உங்ககிட்ட இல்ல.”

அவன் எழுந்தான். ஷிஃப்ட் தலைவரின் மேசைக்கு முன் போய் நின்றான்.

“சார், கேட் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்.”

“இப்பத்தான் புத்தி வந்துச்சா? ஓடு. மேசையை நான் பார்த்துக்கிறேன்.”

ஊழியர்கள் போகிற பின்வழி நீளமானது. சுவரெல்லாம் தள்ளுவண்டி இடித்த தழும்பு. வேகமாகத்தான் நடந்தான். என்ன சொல்ல வேண்டும் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் ‘சரி’ என்றே ஆரம்பித்தது.

கேட்டில் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. பெரியம்மா வரிசையின் கடைசியில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“கெடச்சிடுச்சு தம்பி. முதல்ல இடமில்லேன்னு சொல்லி வயித்துல புளியைக் கரைச்சுட்டாங்க. அப்புறம் கவுன்டர் பொண்ணே ஓடி வந்து சீட்டைக் கையில குடுத்துச்சு. பாரு, அப்பா வந்திருக்காரு பாரு. டாட்டா சொல்லு.”

குழந்தை பெரியம்மாவின் கழுத்துச் சங்கிலியைச் சுவைத்துக்கொண்டிருந்தது.

“அக்கா, கொஞ்சம் இப்படி வாங்க.”

“கூப்பிட்டுட்டாங்க தம்பி.”

“நீங்க ஏறலாம். குழந்தை வேண்டாம்.”

“வேண்டாம்னா?”

“குழந்தை இங்கயே இருக்கட்டும். என்கிட்ட.”

பெரியம்மா அவனைப் பார்த்தாள். வரிசையைப் பார்த்தாள். ஒரு காலி இருக்கையில் போய் உட்கார்ந்தாள். குழந்தையை இறக்கவில்லை.

“விளையாடுறியா?”

“இல்லக்கா.”

“ஒரு மாசம் ஒரே வீட்டுல இருந்தோம். ஒரு வார்த்தை சொன்னியா? நான் துணி மடிச்சப்ப பக்கத்துல நின்னுக்கிட்டுதானே இருந்தே. பெட்டி மூடலைன்னு மேல ஏறி உட்கார்ந்து பூட்டுனது யாரு, நீதானே?”

“சொல்லத் தெரியலக்கா.”

“இப்ப மட்டும் எப்படித் தெரிஞ்சுதாம்?”

அவன் அவளுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். நின்றுகொண்டு சொல்லக்கூடியதாக அது இல்லை.

“முதல்ல இடமில்லேன்னு சொன்னாங்கள்ல? அது நான் பண்ணினது. தேவையில்லாம ஃப்யூயல் கூட்டிப் போட்டேன். எடை மிஞ்சினா உங்களை இறக்கிடுவாங்கன்னு தெரியும். தெரிஞ்சேதான் போட்டேன்னு போட்ட பிறகுதான் புரிஞ்சுது. அப்புறம் எடுத்துட்டேன்.”

பெரியம்மாவுக்கு முழுவதும் விளங்கியதா என்று தெரியவில்லை. வேண்டிய அளவுக்கு விளங்கியது.

“வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுக்கு ஒரு விமானத்தையாடா பிடிச்சு நிறுத்துவே?” என்றாள். அவனை அவள் ‘டா’ போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

“நிறுத்தல. அதான் நேர்ல வந்திருக்கேன்.”

“யாரு பார்த்துக்குவா இவளை? நீ ராத்திரி வேலைக்குப் போவே. காய்ச்சல் வந்தா? பெரியவளானா?”

“பகல் ஷிஃப்ட் கேக்கணும். கீழ் வீட்டு டீச்சர் ஒரு காப்பகம் சொன்னாங்க, போய்ப் பார்க்கணும்.”

“கேக்கணும், பார்க்கணும். இன்னும் எதுவுமே பண்ணல.”

“பண்ணல.”

“அங்க அவரு ஒரு ரூமுக்குப் பெயின்ட் அடிச்சு வெச்சிருக்காரு. எதையுமே முழுசாச் செய்யாத மனுஷன், அந்த ரூமை மட்டும் முழுசா முடிச்சிருக்காரு. நான் என்ன சொல்லுவேன் அவர்கிட்ட?”

சகலை தரையில் மண்டியிட்டு, ஜன்னல் ஓரங்களில் கவனமாகத் தாள் ஒட்டிவிட்டு வண்ணம் அடித்திருப்பார். அது கண்முன் தெரிந்தது. எட்டு மாதத்தில் முதல் முறையாக ஒன்று வலித்தது. அது இன்னொரு மனிதரின் வலியாக இருந்தது.

“நீதான் வந்து வந்து பார்க்கப் போறியே. டிக்கெட்டுக்கு என்ன பஞ்சம் உனக்கு?” பெரியம்மாவின் குரல் கெஞ்சலுக்கு இறங்கியிருந்தது.

“வர மாட்டேன்கா.”

“என்னது?”

“முதல்ல ஒரு தடவை வருவேன். அப்புறம் போன்ல பார்ப்பேன். அப்புறம் அவ தூங்குற நேரம், நான் வேலை பார்க்குற நேரம்னு அதுவும் போயிடும். என்னைப் பத்தி எனக்குத் தெரியும். இந்த ஒரு மாசமா ஒரே வீட்டுல இருந்துக்கிட்டே அடுத்த ரூம்ல இருந்த பிள்ளைகிட்ட போகாதவன் நான். கடல் தாண்டியா வரப்போறேன்?”

வரிசை கரைந்து, சீட்டு பார்க்கிற பெண் மட்டும் இவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பதினஞ்சு மணி நேரம்தான்னு உனக்குச் சொன்னேன்,” என்றாள் பெரியம்மா. “ஊரைக் கூட்டி எல்லாருக்கும் சொன்னேன். அது எவ்ளோ தூரம்னு எனக்குத் தெரியாதா? அன்னிக்கு ஏறி உட்கார்ந்தப்ப என் தங்கச்சி இருந்தா. இறங்கினப்ப இல்ல. நடுவுல எங்க போனான்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியாது. அவ போறப்ப நான் தூங்கிக்கிட்டிருந்தேனா, அவங்க குடுத்த பன்னைத் தின்னுக்கிட்டிருந்தேனா. அதை நினைச்சுக்கிட்டே ராத்திரி முழிச்சுக் கிடப்பேன்.”

அன்று அந்த விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததை அவன் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லலாமா என்றுகூட யோசித்ததில்லை.

“கடல் மேல இருந்தீங்க. பாதி தாண்டிட்டீங்க. எதிர்க்காத்து குறைஞ்சு வேகம் எடுத்திருந்துது. நீங்க இருந்த இடத்துல அப்ப நல்ல ராத்திரி. விளக்கையெல்லாம் அணைச்சிருப்பாங்க. தூங்கிக்கிட்டுதான் இருந்திருப்பீங்க.”

“உனக்கெப்படித் தெரியும்?”

“பார்த்துக்கிட்டே இருந்தேன். உங்க விமானத்தை. டாக்டர் வந்து சொன்ன பிறகும், நீங்க இறங்குற வரைக்கும்.”

பெரியம்மா புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. குழந்தை சங்கிலியை விட்டுவிட்டு அவள் முகத்தை அண்ணாந்து பார்த்தது. சீட்டு பார்க்கிற பெண் இரண்டு அடி எடுத்துவைத்து, நின்று, திரும்பிப் போய்விட்டாள்.

பிறகு பெரியம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். குழந்தையை அவன் கையில் திணித்து, குழந்தையின் பையை அவன் தோளில் மாட்டினாள். கொடுத்த வேகம் பிடுங்குவது போல இருந்தது.

“பிடி. கழுத்தைத் தாங்கிப் பிடி, கைக்குழந்தை இல்லதான், ஆனா தூக்கத்துல பின்னாடி சாஞ்சுடுவா. ராத்திரி பால் கேட்டா வெதுவெதுன்னு குடு, சூடா குடுத்தா துப்புவா. தலைக்கு ஊத்தினா காதுல பஞ்சு வை. துணிமணி பூரா என் பெட்டியில போயிடுச்சு. இந்தப் பையில அவ பாஸ்போர்ட்டும் மாத்துக்கு ஒரே ஒரு கவுனும் இருக்கு. முடியலேன்னு நாலு மாசத்துல போன் பண்ணக் கூடாது.”

“பண்ணுவேன்கா. பண்ணினா வாங்க.”

“வருவேன். வந்து முதல்ல உன்னைத்தான் நாலு சாத்து சாத்துவேன்.”

குழந்தையின் நெற்றியில் முத்தம் வைத்தாள். திரும்பிப் பார்க்காமல் நடந்து, சீட்டைக் காட்டி, உள்ளே போனாள். குழந்தையும் பையும் இல்லாததால் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நடப்பவள் போல இருந்தாள்.

அவள் மறைந்ததும் குழந்தை அழ ஆரம்பித்தது. சாதாரண அழுகை இல்லை. முதுகை வில்லாக வளைத்து, அவன் மார்பில் இரண்டு கையையும் ஊன்றித் தள்ளி, பெரியம்மா பெரியம்மா என்று கூரைக்குக் கேட்க அழுதது. அவன் கன்னத்தில் அறைந்தது. பெரியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒரு பெண்மணி, “அம்மா எங்கே, அம்மாகிட்ட குடுங்க,” என்றாள். அவன் தலையை மட்டும் அசைத்தான். சமாதானமாக ஒன்றும் சொல்லவில்லை. பொய்யாக ஏதாவது சொல்லிவிடுவோம் என்று பயமாக இருந்தது. இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தான். அவள் எவ்வளவு தள்ளினாளோ அவ்வளவு இறுக்கினான்.

குழந்தையின் பாஸ்போர்ட்டில் வைத்த முத்திரையை ரத்து செய்யும் மேசையில் நீண்ட நேரம் ஆயிற்று. அங்கிருந்த அதிகாரி, அழுகிற குழந்தையையும் அறைபட்ட கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “யாரு ஜெயிச்சது?” என்று கேட்டார். “அவதான் சார்,” என்றான்.

டிஸ்பாட்ச் அறைக்குள் வெளியாட்கள் நுழையக் கூடாது. குழந்தையும் வெளியாள்தான். அவன் கதவைத் தட்டிவிட்டு நடைவழியில் நின்றான். அதற்குள் அழுகை ஓய்ந்து விக்கலாக மாறியிருந்தது. குழந்தை களைத்து அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தது. ஈரமும் சூடும் சட்டைக்குள் இறங்கின.

ஷிஃப்ட் தலைவர் கதவைத் திறந்தார். அவனைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார்.

“சார், எனக்கு இனிமே பகல் ஷிஃப்ட் மட்டும் வேணும்.”

“நீ கேட்டா குடுத்துடணுமா? இங்க இருக்கிற அத்தனை பேரும் அதைத்தான் கேக்குறான். எனக்கே கெடைக்கல.”

“தெரியும் சார். ஆனாலும் கேக்குறேன்.”

“மேல கேக்கணும், யூனியன்காரன் குதிப்பான். அவன் அவன் பொண்டாட்டி வந்து என் வீட்டு வாசல்ல நிப்பா.” சத்தம் நடைவழி முழுக்க எதிரொலித்தது. குழந்தை தலையைத் தூக்கி அவரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது. அவர் சட்டென்று குரலைத் தணித்தார். அவர் குரல் தணிந்து அவன் கேட்டதே இல்லை.

“இன்னிக்கு மேசையை நான் முடிக்கிறேன். நாளைக்கு வராதே. மறுநாள் காலையில வா, உட்கார்ந்து பேசலாம். கெடைக்கும்னு சொல்ல மாட்டேன்.”

“சரிங்க...” என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். “மறுநாளும் முடியாது சார். காப்பகத்தைப் போய்ப் பார்க்கணும். இவளுக்குத் துணி வாங்கணும். திங்கக்கிழமை வரேன்.”

ஷிஃப்ட் தலைவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“பேச்சு வந்துடுச்சே உனக்கு,” என்றார். “சரி, திங்கக்கிழமை. முதல்ல புள்ளைக்கு மூக்கு ஒழுகுது, தொடச்சு விடு.”

அவன் பாக்கெட்டில் கைவிட்டான். கைக்குட்டை இல்லை. சட்டைக் கையை மணிக்கட்டுக்கு இழுத்து, அதைக்கொண்டு துடைத்தான். குழந்தை முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பியது. மறு பக்கத்தையும் துடைத்தான்.